மாஸ்டர் ஓட்டிப் பார்த்த மூன்று வண்டிகள்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் பல்செட்காரர் இதற்கு நேர்மாறு. எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், எது எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், எதன் எடை என்ன, எதை வாங்கினால் போட்ட காசுக்கு மோசமில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் அவரைக் கொண்டுபோய் ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்தால் போச்சு. கையும் ஓடாது, காலும் ஓடாது, அவற்றை நம்பியிருக்கும் வண்டியும் ஓடாது.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தை மயிரிழை பிசகாமல் செதுக்குகிற அதே கை, கியர் கம்பியைத் தொட்டால் நடுங்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவிதான். அப்போது அவர் மனைவி ஆகியிருக்கவில்லை, டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பல்செட்காரர் அவரிடம் வண்டி பழக வந்தார். பழகினார், பழகினார், பழகிக்கொண்டே இருந்தார். கடைசியில் லைசென்ஸ் கிடைக்கவில்லை, பெண் கிடைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மனைவியை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். பழகுநர் உரிமத்தையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். ஏன் என்று கேட்டால், "ஒரு நம்பிக்கைதான்" என்பார்.

டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு இன்னொரு பிரேக். பழக வந்தவர் சுவரைப் பார்த்துப் போனாலும், சைக்கிளைப் பார்த்துப் போனாலும், மாஸ்டரின் கால்தான் எல்லாரையும் காப்பாற்றும். இருபது வருஷமாக நம் மாஸ்டரின் வலது கால் அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அதில் யாராவது அவசரமாகத் தெருவைக் கடந்தால் அப்போதும் மிதிக்கும். தூக்கத்தில் மிதித்ததில் பல்செட்காரரின் முழங்காலுக்குக் கீழே நிரந்தரமாக ஒரு கன்றிப்போன இடம் உண்டு. அதைப் பற்றி அவர் புகார் சொன்னதில்லை. இப்படி ஒரு கால் நம் வீட்டில் இருக்கிறதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்தக் காலுக்குத்தான் இப்போது ஒரு சோதனை வந்திருந்தது. ஸ்கூல் ஓனர் நல்ல மனிதர். வயதாகிவிட்டது, தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மாஸ்டர் தன் சேமிப்பைப் போட்டால் இரண்டு புதுப் பயிற்சி வண்டிகள் வாங்கலாம், ஸ்கூலில் பாதிப் பங்கு தருகிறேன் என்று கூப்பிட்டுச் சொன்னார். மறுக்கக் காரணமே இல்லாத யோசனை. மாஸ்டரும் மறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போனில் கேட்கிறேன், முடிவைச் சொல்லுங்கள் என்று அவர் கெடு வைத்திருந்தார்.

பல்செட்காரருக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. காரணம், சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாஸ்டர் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன ஒரு பேச்சு. சிக்னலில் பழகுகிற பையன் வண்டியை அணைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு கூபே வந்து நின்றதாம். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, தரையோடு ஒட்டிக்கொண்ட உடம்பு. பச்சை விழுந்ததும் அது போன போக்கைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"என் பாதி ஆயுசு காருக்குள்ளதான் போயிருக்கு. ஆனா நான் கார் ஓட்டினதே இல்லைங்க."

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க?"

"ஓட்டிக் காட்டியிருக்கேன். ஓட்டினதில்லை."

அன்றிலிருந்து பல்செட்காரர் கூபே பைத்தியமாகிவிட்டார். ஆனை விலை, குதிரை விலை விற்கிறவற்றை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சம்பளக்காரர்கள் கைநீட்டித் தொடக்கூடிய விலையில் மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்து, சாப்பிடும்போதும் அவற்றையே பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் சேமிப்பு ஒரு கூபேக்குச் சரியாக இருக்கும். ஸ்கூலுக்குப் போட்டால் கூபே இல்லை. கூபே வாங்கினால் பங்கு இல்லை. அவ்வளவு தெளிவான கணக்கு அது.

"வாங்கவே வேணாம். சும்மா ஓட்டிப் பாருங்க. மூணுல ஒண்ணுகூட மனசுக்குப் பிடிக்கலைன்னா ஓனருக்குச் சரின்னு சொல்லிடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் பல்செட்காரர்.

"நீங்களாவது, வாயைத் திறக்காம இருக்கறதாவது" என்று சொன்னாலும் மாஸ்டர் கிளம்பி வந்தார்.

ஊருக்கு வெளியே, விமானங்கள் வந்து போவது நின்றுபோன பழைய ஓடுதளம். வண்டி விற்கிறவர்கள் அதைச் சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருந்தார்கள். நீளமான நேர்ப் பாதை, அதன் முடிவில் வெடுக்கென்று ஒரு திருப்பம், பிறகு கூம்புகளுக்கு நடுவே பாம்பு போல நெளியும் ஒரு பகுதி, கடைசியில் பெரிதாகச் சுற்றி வரும் ஒரு வளைவு. மூன்று வண்டிகளும் மூக்கை ஒரே வரிசையில் வைத்து நின்றன. பல்செட்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. இத்தனை நாள் எண்களாக மனப்பாடம் செய்தவை கண்ணெதிரே வெயிலில் பளபளத்தால் யாருக்குத்தான் நிற்காது? சிவப்பு வண்டியின் முன்பக்கக் கம்பி வரிசையைப் பார்த்து, "என்ன ஒரு மேல்வரிசைப் பல்!" என்றார். விற்பனைக்கு நின்ற இளம்பெண் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முதலில் அந்தச் சிவப்பு. மூன்றில் பலசாலி அதுதான். முந்நூறு குதிரைத்திறனுக்கு மேல், நூறைத் தொட ஐந்து நொடி சொச்சம். விற்பனைப் பெண் முன்னால் ஏறிக்கொள்ள, பல்செட்காரர் பின் சீட்டில் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கி வைத்து உட்கார்ந்தார். மாஸ்டர் சீட்டை நகர்த்தினார், கண்ணாடிகளைச் சரிசெய்தார், வண்டியைக் கிளப்பினார். அந்த உறுமல் இருக்கிறதே, அது காதில் கேட்பதற்கு முன்னால் முதுகெலும்பில் கேட்டது. பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். கண்ணைத் திறந்தபோது வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் ஆளில்லாத ஓடுதளத்தில் இண்டிகேட்டர் போட்டு, கூம்புக்கு வழிவிட்டு, லைசென்ஸ் பரீட்சையில் ஓட்டிக் காட்டுகிறவர் மாதிரி திரும்பினார்.

"மேடம், இங்க யாரும் வர மாட்டாங்க. நல்லா மிதிங்க" என்றாள் விற்பனைப் பெண்.

நேர்ப் பாதையில் மாஸ்டர் மிதித்தார். சிவப்பு வண்டி பாய்ந்தது. பாய்ந்த அந்தக் கணமே மாஸ்டரின் கால் தானாகத் தாவிப் பிரேக்கில் விழுந்தது. மூன்று பேரும் முன்னால் போய்ப் பெல்ட்டில் தொங்கினார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மாஸ்டர் முயற்சி செய்யவேயில்லை.

"மனசு போகச் சொல்லுது. கால் கேக்க மாட்டேங்குது" என்றார் இறங்கும்போது.

அடுத்தது சாம்பல் நிறம். மூன்றிலும் விலை குறைவு, பெட்ரோல் குடிப்பதும் குறைவு, சாமான் வைக்கத் தாராள இடம், பின் சீட்டில் பல்செட்காரர் மனிதராக உட்கார முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாத வண்டி. திருப்பங்களில் சொன்ன பேச்சைக் கேட்டது, சத்தமில்லாமல் நின்றது. மாஸ்டர் அதை ஐம்பதில் ஓட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வண்டிங்க. இதுல ரெண்டாவது பிரேக் வைக்க இடம் தாராளமா இருக்கு. நல்லா கத்துக் கொடுக்கலாம்."

அந்தப் பாராட்டைக் கேட்டதும் பல்செட்காரர் அந்த வண்டியை மனதுக்குள் தலைமுழுகிவிட்டார். மாஸ்டரோ கைப்பையிலிருந்த போனை எடுத்து மணி பார்த்தார். ஓனர் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் பதில் முடிவாகிவிட்ட மாதிரி ஒரு களைப்பு அவர் தோளில் தெரிந்தது.

"இன்னொண்ணு இருக்கு மாஸ்டர்."

"எதுக்குங்க? பார்த்தீங்கல்ல?"

"வந்தது வந்துட்டோம். சும்மா ஏறி உட்கார்ந்துட்டாவது வாங்க."

மூன்றாவது நீலம். பார்த்தவுடன் மயங்கிவிழ அதில் ஒன்றுமில்லை. சிவப்பின் பலத்தில் முக்கால் பங்குகூட இல்லை. உள்ளே மலிவான பிளாஸ்டிக். பின் சீட்டு என்று ஒன்று பேருக்கு இருந்தது, ஒரு கைப்பையை உட்காரவைத்தால் அதுவே முணுமுணுக்கும். ஆனால் எடை மிகக் குறைவு, பளு தரையோடு தாழ்ந்து கிடக்கும், பின் சக்கரங்கள்தான் தள்ளும். வளைவென்று வந்துவிட்டால் தன் விலையைப் போல் இரண்டு மடங்கு வண்டியையும் வெட்கப்பட வைக்கும் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

"இதுல பின்னாடி ஆள் உட்கார முடியாது. நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் விற்பனைப் பெண்.

பல்செட்காரர் சாவியை வாங்கித் திரும்புவதற்குள் மாஸ்டர் ஏறிவிட்டார். ஏறி, பெல்ட் போட்டு, "கண்ணாடியைப் பார்த்துக்கங்க" என்றும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் தன் முன்னால் ஸ்டீயரிங் இல்லை என்பதைக் கவனித்தார். வேறு யாருமில்லாமல் இருவராக ஒரு காரில் ஏறுவது என்றால் அவருக்கு எந்தப் பக்கம் என்று உடம்புக்கே தெரியும். உடம்பு போய் அங்கே உட்கார்ந்துவிட்டது.

"ஐயையோ, பழக்கதோஷம்" என்று முகம் சிவக்க பெல்ட்டைக் கழற்றப் போனார்.

விற்பனைப் பெண்ணுக்கு அது புரியவில்லை. "சார் ஓட்டப் போறீங்களா? லைசென்ஸ் இருக்கா?"

பல்செட்காரர் அசடு வழியப் பழகுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அதை ஒருவர் கேட்டுப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"பக்கத்துல மாஸ்டரே இருக்காங்க, அப்புறம் என்ன? மெதுவா போங்க சார்."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இறங்கினால் மாஸ்டர் நேரே வீட்டுக்குப் போகலாம் என்பார், அது நிச்சயம். இந்த நீல வண்டி நகர்வதை அவர் ஒரு தடவை உணராமல் போய்விடக் கூடாது என்று பல்செட்காரருக்கு இருந்தது. ஓட்டுகிறவன் எவ்வளவு மட்டமானவனாக இருந்தால்தான் என்ன? ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை குதித்துக் குதித்துக் கிளம்பியது. நேர்ப் பாதையில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. பல்செட்காரருக்கு அது நானூறு மாதிரி இருந்தது. திருப்பம் வந்துகொண்டே இருந்தது.

"பிரேக்!" என்று மாஸ்டர் தரையை ஓங்கி மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் வெறும் மிதியடிதானே இருந்தது. யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று தெரிந்த கணத்தில் பல்செட்காரரின் கால் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சரியான பெடலைக் கண்டுபிடித்தது. கை தானாகத் திரும்பியது. நீல வண்டி அவர் பார்த்த இடத்துக்கு மூக்கைத் திருப்பி, துளியும் சாயாமல், இதற்காகவா இவ்வளவு பயந்தாய் என்பது போல வெளியே வந்தது.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் மிதிச்சேன்" என்றார் மாஸ்டர்.

"தெரியும்."

"நிக்கல."

"நிக்காது மாஸ்டர். இனிமே என் கால்தான்."

நெளிகிற பகுதியில் மாஸ்டர் மறுபடி மிதித்தார். மறுபடியும் வண்டி தன் பாட்டுக்குப் போனது. ஒரு கூம்பு மட்டும் உருண்டது. மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய வளைவுக்கு வந்தபோது பல்செட்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த இரண்டு கால்களும் சீட்டுக்கு அடியில் மடங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, வேலையில்லாமல் கிடந்தன. மாஸ்டர் தலையைச் சற்றுச் சாய்த்து, கதவில் உள்ளங்கையை வைத்து, வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த சீட்டிலிருந்து ஒரு காரைப் படிக்க அவரைவிட யாருக்குத் தெரியும்?

"முன் சக்கரம் திருப்பற வேலையை மட்டும் பார்க்குது. பின்னாடி யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி இருக்கு. என்ன செய்யப் போகுதுன்னு முன்னாடியே சொல்லிடுதுங்க, திடீர்னு எதுவும் செய்யல" என்றார். பிறகு, இருபது வருஷத்தில் எந்த மாணவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் மிதிங்க."

பல்செட்காரர் மிதித்தார். கண்ணில் நீர் முட்டியது. அது வேகத்தால் வந்த நீர் இல்லை.

"போதும், நிறுத்துங்க. இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் இன்றுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே "அப்பப்பா" என்று நிறுத்திவிடுவார். மாஸ்டர் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போனது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இருந்தது. நேர்ப் பாதையின் முடிவு பாய்ந்து வந்தது. பல்செட்காரர் தன் கணக்குப்படி இதோ பிரேக் என்று நினைத்த இடம் கடந்து போனது. அதற்கப்புறமும் ஒரு இடம் போனது. கூம்பின் தலையிலிருந்த கீறல் தெரிகிற தூரத்தில் மாஸ்டர் ஒரே ஒரு மிதி மிதித்தார். நேராக, அழுத்தமாக, பதற்றமில்லாமல். உடனே விட்டார். திருப்பினார். வண்டி கோடு கிழித்த மாதிரி வளைந்தது.

வேகமாக ஓட்டுவது என்றால் ஆக்சிலேட்டர் சமாச்சாரம் என்றுதான் பல்செட்காரர் நினைத்திருந்தார், இத்தனையும் படித்துவிட்டு. அது பிரேக் சமாச்சாரம். எங்கே மிதிப்பது, எவ்வளவு மிதிப்பது, எப்போது விடுவது. பிரேக்கைப் பற்றி மாஸ்டருக்குத் தெரியாதது உலகத்தில் என்ன இருக்கிறது? ஆயிரம் பேரின் பயத்தையும் அவசரத்தையும் நிறுத்திப் பழகிய கால், இப்போது தனக்காக வேலை செய்தது. ஓரத்தில் நின்ற மற்ற விற்பனை ஆட்கள் டீயைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து பார்த்தார்கள். அவர்களிடம் எல்லாம் போய், அது என் வீட்டுக்காரம்மா என்று சொல்ல வேண்டும் போல் பல்செட்காரருக்கு இருந்தது. ஆனால் அவர் வண்டிக்குள் இருந்தார், வாயைத் திறந்தால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும்.

மாஸ்டர் பரீட்சை வைக்கிறவர், ஓரவஞ்சனை செய்ய மாட்டார். சிவப்பையும் சாம்பலையும் இன்னொரு தரம் எடுத்து ஓட்டிவிட்டு வந்தார். இந்தத் தடவை சிவப்பு வண்டி நேர்ப் பாதையில் அலறிக்கொண்டே பறந்தது.

"என்ன பலம்! நேரா போறதுல இதுக்கு ஈடே இல்லை. ஆனா திருப்பத்துல உடம்பைத் தூக்கிட்டுத் திரும்ப யோசிக்குது. சாம்பல் எல்லாத்துலயும் பாஸ். குடும்பத்துக்கு அதைத்தான் வாங்கச் சொல்லுவேன்." நீலத்தின் கூரையில் கை வைத்தார். "இது என்னைக் கேட்டுட்டுச் செய்யுது."

"அப்ப?" என்றார் பல்செட்காரர்.

மாஸ்டர் கைப்பையை அவர் தோளில் மாட்டினார். "நீங்க இங்கயே இருங்க. நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

"நானும் வரேனே."

"வேணாங்க. தனியா."

"ஓனர் கூப்பிட்டா என்ன சொல்றது?"

"கண்ணால பார்க்கறதைச் சொல்லுங்க."

நீல வண்டி கிளம்பிப் போனது. பல்செட்காரருக்கு மனதில் சுருக்கென்றது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. இத்தனை மாதமும் அவர் கண்ட கனவில் ஸ்டீயரிங் பக்கம் மாஸ்டரும் மறுபக்கம் அவரும் இருந்தார்கள். தோளில் பெண்கள் கைப்பையோடு வெயிலில் நிற்பது அந்தக் கனவில் எங்கும் வரவில்லை. ஆனால் வண்டி திருப்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் பொட்டாகத் தெரிந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. அத்தனை வருஷம் காருக்குள் வாழ்ந்தவர் ஒரு தடவைகூடக் காரில் தனியாக இருந்ததில்லை. அது உறைத்ததும் சுருக்கென்றது போன இடம் தெரியவில்லை.

ஒரு ரவுண்டு முடிந்தது. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது முடிந்தது. விற்பனைப் பெண் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒரு ரவுண்டுன்னாங்களே சார்?"

"போகட்டும்மா."

கைப்பைக்குள் போன் அடித்தது. பல்செட்காரர் எடுத்தார். ஓனர்தான்.

"என்னங்க, மாஸ்டர் இல்லையா?"

"வண்டியில இருக்காங்க."

"இன்னைக்கு லீவாச்சே! யாருக்குச் சொல்லிக் குடுக்கறாங்க?"

"யாருக்கும் இல்லைங்க. அவங்கதான் ஓட்டறாங்க."

"அப்ப பக்கத்துல யாரு இருக்கா?"

நீல வண்டி நேர்ப் பாதையில் அவரைக் கடந்தது. மாஸ்டர் இவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கண் முழுக்க அடுத்த திருப்பத்தில் இருந்தது. வாய் ஏதோ பாடிக்கொண்டிருந்த மாதிரி தெரிந்தது.

"பக்கத்துல யாரும் இல்லைங்க" என்றார் பல்செட்காரர்.

அந்த இன்ஜின் சத்தம் மறுமுனையில் ஓனருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரிங்க, பங்குக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார் அவர். "திங்கக்கிழமை வேலைக்கு எப்பவும்போல வரட்டும். இப்ப அவங்களைக் கூப்பிடாதீங்க."